வீட்டுக் கணினியைப் புரொஜெக்டருடன் இணைத்தல்: படம் போகும் வழியிலேயே ஒலியும் போக வேண்டுமா?

கேள்வி: கூடத்துத்திரை

அனைவருக்கும் வணக்கம். கூடத்தின் ஒரு சுவரைத் திரையாக்கும் எண்ணத்தில் புரொஜெக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதன் இயல்பான ரெசல்யூஷன் 1920×1080. பின்புறத்தில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகளும், ஒரு விஜிஏ துளையும், 3.5 மி.மீ. அளவில் ஒலி உள்ளீட்டுக்கு ஒன்றும் வெளியீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு துளைகளும் இருக்கின்றன. சிறிய ஸ்பீக்கர் ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. இதைக் கூடத்தின் பின்பகுதியில் கூரையோடு பொருத்தப் போகிறோம்.

எங்களுடையது விண்டோஸ் இயங்கும் மேசைக்கணினி. அதுவும், இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் திரைச் சுவரை ஒட்டி முன்பக்கத்தில் உள்ளன. கணினியிலிருந்து புரொஜெக்டர் வரை கேபிள் செல்ல வேண்டிய தூரம், ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 12 மீட்டர். இதே பாதையில் முன்பு எப்போதோ இழுத்த விஜிஏ கேபிள் ஒன்று குழாய்க்குள் இன்னும் கிடக்கிறது. கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் ஓர் எச்டிஎம்ஐ துளையும் மூன்று டிஸ்ப்ளேபோர்ட் துளைகளும் இருக்கின்றன. எச்டிஎம்ஐ துளையில் இப்போது மானிட்டர் செருகப்பட்டிருக்கிறது.

புரொஜெக்டரை மேசைமீது வைத்து, குட்டையான எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பார்த்தபோது படம் நன்றாகவே வந்தது. ஆனால் அதுவரை ஆம்ப்ளிஃபையரில் கேட்டுக்கொண்டிருந்த ஒலி அந்தக் கணமே நின்றுபோய், புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கரில் மெலிதாகக் கேட்கத் தொடங்கியது. புரொஜெக்டரின் ஒலி வெளியீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு நீண்ட கேபிளைத் திருப்பி இழுப்பதுதான் முறையா? படத்துக்குப் பழைய விஜிஏ கேபிளையே பயன்படுத்திக்கொள்ளலாமா? கூரையில் துளையிடும் முன் இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: செம்புத்தடம்

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத் தயக்கமின்றி விடை சொல்லிவிடலாம்: பழைய விஜிஏ கேபிளைப் படத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். விஜிஏ என்பது 1987ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் கொண்டுவந்த அனலாக் இணைப்பு. அதன் வழியே 1920×1080 படத்தை அனுப்ப முடியும் என்றாலும், கேபிள் நீளமாக நீளமாக எழுத்துகளின் ஓரம் மங்குவதும், உருவத்துக்கு அருகில் அதன் நிழல் போன்ற இன்னொரு உருவம் தோன்றுவதும் இயல்பு. அதோடு, உங்கள் கிராஃபிக்ஸ் கார்டில் விஜிஏ துளையே இல்லாததால் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டியிருக்கும். கணினியில் டிஜிட்டலாகப் பிறந்த படம் வழியில் அனலாக்காக மாறி, புரொஜெக்டருக்குள் மறுபடியும் டிஜிட்டலாக மாற வேண்டும். இந்த இரட்டை மாற்றத்தால் எந்த நன்மையும் இல்லை. விஜிஏ வழியில் எச்டிசிபி என்ற உள்ளடக்கப் பாதுகாப்பும் கிடையாது என்பதால், கட்டண ஸ்ட்ரீமிங் சேவைகள் சில குறைந்த தரத்தில் மட்டுமே படத்தைத் தரும் அல்லது கறுப்புத் திரையைக் காட்டும். விஜிஏ கேபிளில் ஒலி செல்லாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எச்டிஎம்ஐதான் உங்களுக்கு ஏற்றது. மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட் துளைக்கு மாற்றிவிட்டு, கார்டில் இருக்கும் ஒரே எச்டிஎம்ஐ துளையைப் புரொஜெக்டருக்கு ஒதுக்குங்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ உள்ளீடு மட்டுமே இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இந்த அடாப்டர்கள் ஒருதிசையில் மட்டுமே இயங்குபவை. எச்டிஎம்ஐ வெளியீட்டை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்கு மாற்றுவது வேறு வகைச் சாதனம். மதர்போர்டின் பின்புறத்திலும் ஓர் எச்டிஎம்ஐ துளை இருக்கக்கூடும். கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய பல கணினிகளில் அந்தத் துளை முடக்கப்பட்டே இருக்கும் என்பதால், அதில் செருகிவிட்டுச் சமிக்ஞை இல்லை என்று புரொஜெக்டரைக் குறைசொல்பவர்கள் ஏராளம்.

12 மீட்டர் என்ற நீளத்தை மட்டும் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 1080 படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிளில் நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் செல்கிறது. நல்ல தடிமனான சாதாரணச் செம்புக் கேபிள் 10 மீட்டர் வரை இதைப் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். எல்லையில் இருக்கும் கேபிளில் படம் மங்குவதில்லை. ஆங்காங்கே வெண்புள்ளிகள் மின்னும், அல்லது சில நொடிகள் திரை கறுத்துத் திரும்பும். குழாய்க்குள் போய்விட்ட கேபிளில் இப்படி நேர்ந்தால் மீண்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எனவே ஒளியிழை கொண்ட எச்டிஎம்ஐ கேபிளை வாங்குவதே என் பரிந்துரை. பின்னாளில் 4கே புரொஜெக்டருக்கு மாறினால் 60 சட்டகங்களுக்கு 18 கிகாபிட் தேவைப்படும். அந்த வேகத்துக்கும் உரிய கேபிளை இப்போதே போட்டுவிட்டால் கூரையை மறுபடியும் தொட வேண்டியிருக்காது.

இப்போது ஒலி. கணினி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மூன்றும் திரைக்கு அருகிலேயே இருக்கின்றன. கூரைக்குப் போக வேண்டியது படம் மட்டும்தான். எச்டிஎம்ஐ கேபிள் இரண்டையும் சுமக்கும் என்பதால் இரண்டையும் அதன் வழியே அனுப்பியாக வேண்டும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஒலியை 12 மீட்டர் தூரம் கூரைக்கு அனுப்பி, புரொஜெக்டரின் எளிய ஒலிச் சுற்றில் அனலாக்காக மாற்றி, பெரும்பாலும் அதன் சொந்த வால்யூம் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தி, மீண்டும் அதே தூரம் திருப்பிக் கொண்டுவருவதில் எந்தப் பயனும் இல்லை. கணினியின் பச்சை நிற 3.5 மி.மீ. துளையிலிருந்து இரண்டு ஆர்சிஏ முனைகள் கொண்ட கேபிளை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் அல்லது லைன் உள்ளீட்டில் செருகினால் போதும். போனோ என்று குறித்த உள்ளீட்டில் மட்டும் செருக வேண்டாம். அது இசைத்தட்டுக் கருவியின் மிக நலிந்த சமிக்ஞைக்கானது, ஒலி சிதைந்துவிடும்.

கேபிளைச் செருகியதும் ஒலி இடம் மாறியதற்குக் காரணம், விண்டோஸ் புதிதாக வந்த எச்டிஎம்ஐ ஒலிச் சாதனத்தைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டதுதான். திரையின் கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டை மறுபடியும் கணினியின் அனலாக் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றுவது தொல்லையாக இருந்தால், ஒலி அமைப்புகளில் புரொஜெக்டரின் பெயரில் இருக்கும் சாதனத்தை முடக்கிவிடுங்கள். பிறகு அது ஒலியைப் பறித்துக்கொள்ளாது.

பதில்: அலைநீளம்

செம்புத்தடம் அவர்கள் சொன்ன பெரும்பகுதியுடன் உடன்படுகிறேன். ஆனால் எச்டிஎம்ஐ வழியாக ஒலியை அனுப்புவதே பொருளற்றது என்ற முடிவுக்குப் பிற வாசகர்கள் வந்துவிடக் கூடாது. இங்கே அது தேவையில்லை என்பதற்குக் காரணம், இவருடைய ஆம்ப்ளிஃபையர் ஸ்டீரியோ மட்டுமே தருவதும், அதில் எச்டிஎம்ஐ இல்லாததும்தான். எச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் (படத்தையும் ஒலியையும் பெற்று, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குத் தரும் கருவி) ஒன்றை யாராவது வைத்திருந்தால், கணினியிலிருந்து முதலில் ரிசீவருக்கும், ரிசீவரின் வெளியீட்டிலிருந்து புரொஜெக்டருக்கும் இணைப்பதே மிகச் சரியான வழி. ஒலி ரிசீவரிலேயே இறங்கிக்கொள்ளும். படம் மட்டும் மேலே செல்லும். சுருக்கப்படாத ஒலியை எட்டுத் தடங்கள் வரை எச்டிஎம்ஐ சுமக்கும். எஸ்/பிடிஐஎஃப் எனப்படும் ஒளிவழி ஒலி இணைப்பிலோ, சுருக்கப்படாத ஒலி இரண்டு தடங்களுக்கு மேல் செல்லாது, ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலி வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

சிலருக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியும் ஒலிச் சாதனமே பட்டியலில் தோன்றாது. ஒவ்வொரு திரைக் கருவியும் இணைப்பு ஏற்பட்டவுடன் தன் திறன்களைக் கூறும் இடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பைக் கணினிக்கு அளிக்கிறது. ஒலியை ஏற்பேன் என்று அதில் குறிப்பிடப்படாவிட்டால், கணினி ஒலியை அனுப்பாது. ஸ்பீக்கர் இல்லாத சில புரொஜெக்டர்களிலும், டிவிஐ உள்ளீடு மட்டும் கொண்ட பழைய கருவிகளிலும் இதுதான் நிலைமை. டிரைவரை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. லினக்ஸ் பயன்படுத்துவோர், பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் கான்ஃபிகரேஷன் பகுதியில் உரிய எச்டிஎம்ஐ வெளியீடு தேர்வாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேக் கணினிகளில் ஒலி அமைப்புகளின் வெளியீட்டுப் பட்டியலில் அது தெரியும்.

கூடத்துத்திரை அவர்களுக்குப் படத்தைப் பற்றி ஒரு குறிப்பு. விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் தேர்வுகளில் டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், மானிட்டரும் புரொஜெக்டரும் ஒரே ரெசல்யூஷனுக்குக் கட்டுப்பட நேரிடும்; மானிட்டரின் அளவு வேறாக இருந்தால் இரண்டில் ஒன்று தன் இயல்பான கூர்மையை இழக்கும். எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்து, புரொஜெக்டருக்கு 1920×1080 என்றும் அளவிடலுக்கு 100 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம் சாம்பலாக வெளிறித் தெரிந்தால், கணினி 16 முதல் 235 வரையிலான குறுகிய வீச்சிலும் புரொஜெக்டர் 0 முதல் 255 வரையிலான முழு வீச்சிலும் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இயங்குகின்றனவா எனப் பாருங்கள். கணினி குறுகிய வீச்சில் அனுப்பி, புரொஜெக்டர் முழு வீச்சை எதிர்பார்த்தால் படம் வெளிறும். நேர்மாறாக இருந்தால் இருண்ட காட்சிகளின் நுட்பங்கள் கறுப்பில் அமிழ்ந்துவிடும். இரு பக்கமும் ஒரே வீச்சில் இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: கூடத்துத்திரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 15 மீட்டர் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளை வாங்கி, குழாய்க்குள் இழுக்காமல் தரையில் விரித்து இணைத்தேன். ஒலியைக் கணினியிலிருந்து நேரடியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்திருக்கிறேன். படம் பிழையின்றி வருகிறது. ஆனால் புதிதாக இரண்டு சிக்கல்கள் தோன்றியுள்ளன. எச்டிஎம்ஐ கேபிளின் மறுமுனையைப் புரொஜெக்டரில் செருகியவுடன் ஸ்பீக்கர்களில் தாழ்ந்த குரலில் ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. கேபிளை உருவினால் நின்றுவிடுகிறது. இன்னொன்று, உரையாடல் காட்சிகளில் உதடு அசைவதற்குச் சற்று முன்பாகவே குரல் வந்துவிடுகிறது. புரொஜெக்டர் பின்சுவரில் உள்ள வேறொரு மின்சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில்: நிலக்கம்பி

இரைச்சலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கேபிளைச் செருகினால் வருவதும் உருவினால் நிற்பதும் கிரவுண்ட் லூப் எனப்படும் தரையிணைப்பு வளையத்துக்கே உரிய அடையாளங்கள். புரொஜெக்டர் ஒரு சாக்கெட்டின் இயர்த் வழியாகவும், கணினியும் ஆம்ப்ளிஃபையரும் இன்னொரு சாக்கெட்டின் இயர்த் வழியாகவும் தரையோடு சேர்ந்திருக்கின்றன. இந்த இரண்டு இயர்த் புள்ளிகளின் மின்னழுத்தம் மிகச் சிறிய அளவில் வேறுபடும். எச்டிஎம்ஐ கேபிளில் உள்ள செம்பு இரண்டையும் இணைத்ததும், அந்த வேறுபாட்டால் ஒரு சிறு மின்னோட்டம் பாய்கிறது. அது உங்கள் அனலாக் ஒலிக் கேபிளின் தரைக் கம்பியிலும் பங்குபோட்டுச் செல்வதால், மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் இரைச்சலாக ஒலிக்கின்றன. கேபிள் ஒளியிழையால் ஆனதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். இத்தகைய கேபிள்கள் பெரும்பாலானவற்றில் படத்தின் வேகமான தரவு மட்டும் ஒளியிழையில் செல்கிறது. மின்சாரத்துக்கும் மெதுவான கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் செம்புக் கம்பிகள் உள்ளேயே இருக்கின்றன.

தீர்வுகளுக்கு முன் ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கின் இயர்த் ஊசியை ஒடித்துவிட்டால் அல்லது இயர்த் இல்லாத அடாப்டரைப் போட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். நிற்கவும் செய்யும். ஆனால் கருவிக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோகக் கூடு முழு மின்னழுத்தத்தில் இருக்கும். தொடுபவரின் உயிர் போகக்கூடும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்ய வேண்டாம்.

முதலில் செலவில்லாத சோதனை: எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றின் உதவியால் புரொஜெக்டரை, கணினியும் ஆம்ப்ளிஃபையரும் செருகப்பட்டிருக்கும் அதே சாக்கெட் தொகுதிக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ காரணம் உறுதியாகிவிடும். ஆம்ப்ளிஃபையரோடு ஆண்டெனா அல்லது கேபிள் தொலைக்காட்சி இணைப்பு ஏதேனும் சேர்ந்திருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அந்தக் கேபிளின் உறையும் தனியாக வெளியே இயர்த் செய்யப்பட்டிருக்கும். நிலையான தீர்வாக, கணினிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையிலான ஒலிக் கேபிளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு சாதனத்தைச் சேர்க்கலாம். அதற்குள் இருக்கும் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள், இரு பக்கமும் கம்பியால் தொட்டுக்கொள்ளாமலேயே ஒலியை மட்டும் கடத்துகின்றன. மலிவானவற்றில் ஆழ்ந்த ஒலி சற்று மெலியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒளிவழி ஒலி வெளியீடு இருந்து, ஆம்ப்ளிஃபையரிலும் அதற்கான உள்ளீடு இருந்தால், அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. பிளாஸ்டிக் இழையில் மின்னோட்டம் பாயாது என்பதால் அந்த வழியாக இரைச்சலும் வராது.

பதில்: செம்புத்தடம்

குரல் முந்துவது, ஒலியை நேரடியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பதற்காக நாம் தரும் விலை. புரொஜெக்டர் தனக்கு வரும் ஒவ்வொரு சட்டகத்தையும் சேமித்து, திருத்தி, பிறகே வெளியிடுகிறது. ஒலிக்கு அந்தத் தாமதம் இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 என்ற பரிந்துரை, ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணரத் தொடங்குவார் என்றும், பிந்தினால் 125 மில்லிநொடி வரை உணரமாட்டார் என்றும் குறிப்பிடுகிறது. இயற்கையில் தொலைவில் நடப்பவற்றின் ஒலி பிந்தியே நம்மை அடைகிறது. முந்திவரும் ஒலிக்கு நம் மூளை பழகியதில்லை. உங்கள் கூடத்தில் ஸ்பீக்கரிலிருந்து 7 மீட்டர் தள்ளி அமர்பவருக்கு ஒலி காற்றில் வந்து சேரவே ஏறத்தாழ 20 மில்லிநொடி ஆகும் என்பதால், முன்வரிசையில் அமர்பவருக்கே இந்தக் குறை அதிகமாகத் தெரியும்.

முதலில் புரொஜெக்டரின் வேலையைக் குறையுங்கள். சட்டகங்களுக்கு இடையில் புதிய சட்டகங்களைப் புகுத்தி அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தாமதத்தைப் பெருமளவில் கூட்டுவது அதுதான். கேம் மோடு இருந்தால் அதைத் தேர்ந்து பாருங்கள். சாய்ந்த படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியும் சில கருவிகளில் தாமதத்தைக் கூட்டுகிறது. அதற்கும் மேலாக, அது புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் பேனலின் ஒரு பகுதியைக் கறுப்பாக்கி ஒதுக்கிவிட்டு மீதமுள்ள புள்ளிகளில் படத்தைச் சுருக்குவதால் கூர்மையும் குறைகிறது. புரொஜெக்டரைத் திரைக்கு நேர்செங்குத்தாகப் பொருத்தினால் கீஸ்டோனை முழுவதுமாக அணைத்தே வைக்கலாம். கூரையில் துளையிடும் முன் இதற்காக எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

எஞ்சிய வேறுபாட்டை வீடியோ பிளேயரில் சரிசெய்யுங்கள். விண்டோஸில் விஎல்சி பிளேயரில் கே விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒலி 50 மில்லிநொடி பிந்தும். ஜே விசை அதை முன்னோக்கிக் கொண்டுவரும். கைதட்டும் காட்சி அல்லது கதவு அறைந்து மூடும் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, படமும் ஒலியும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இணைய உலாவியில் பார்க்கும் படங்களுக்கு இந்த விசைகள் உதவா. அங்கே ஆம்ப்ளிஃபையரில் தாமத வசதி இருந்தால்தான் உண்டு, அல்லது புரொஜெக்டரின் தாமதத்தைக் குறைத்த அளவோடு நிறைவடைய வேண்டும். ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பயன்படுத்த எண்ணுபவர்களுக்குச் சிக்கல் நேர்மாறாக இருக்கும்: அதில் ஒலி பிந்தும், பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் உறுத்தும் அளவுக்கே பிந்தும்.

பதில்: கூரைவழி

கேபிள் இன்னும் தரையில்தான் கிடக்கிறது என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளின் இரண்டு முனைகளும் ஒன்றல்ல. சோர்ஸ் என்று பொறித்த முனை கணினிப் பக்கமும், டிஸ்ப்ளே என்று பொறித்த முனை புரொஜெக்டர் பக்கமும் வர வேண்டும். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது. ஆகவே குழாய்க்குள் விடும் முன் எந்த முனை எங்கே போகிறது என்பதைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழைய விஜிஏ கேபிளை வெறுமனே உருவி எறிந்துவிடாதீர்கள். அதன் முனையில் புதிய கேபிளையும் உறுதியான நைலான் கயிறு ஒன்றையும் சேர்த்துக் கட்டி, மறுபக்கத்திலிருந்து மெதுவாக இழுங்கள். கட்டு எச்டிஎம்ஐ பிளக்கின் மீது விழக் கூடாது. பிளக்குக்குச் சற்றுப் பின்னால் கேபிளின் உறையோடு நீளவாக்கில் சேர்த்துச் சுற்றி, பிளக்கைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுங்கள். ஒளியிழை கூர்மையான வளைவைத் தாங்காது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட குறைந்தபட்ச வளைவு அளவைக் குழாயின் மூலைகள் மீறினால், அந்த மூலைகளில் குழாயை மாற்றிவிடுவது நல்லது. மின்சாரக் கம்பிகள் செல்லும் குழாயில் இதை ஒருபோதும் சேர்த்து இழுக்க வேண்டாம். நைலான் கயிற்றை இழுத்து முடித்த பிறகும் குழாய்க்குள்ளேயே விட்டுவைத்து, இரு முனைகளையும் வெளியே முடிந்துவிடுங்கள். அடுத்த கேபிளை அதைக் கொண்டே இழுத்துக்கொள்ளலாம்.